எனக்காகக் காலியாக இருந்த மூலை

தீபாவளிக்கு மறுநாள் பின்னேரம் எங்கள் தோட்டத்து வொலிபோல் கிரவுண்டில் யார் யார் இருந்தார்கள்?

லோகேஸ் இருந்தான். எங்கள் மேக்கணக்கு டீமில் மற்ற நான்கு பேரும் இருந்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் கீழ்க்கணக்கின் ஆறு பேர். (தோட்டத்தின் மேல் பிரிவு மேக்கணக்கு, கீழ்ப் பிரிவு கீழ்க்கணக்கு. இரண்டுக்கும் ஆகாது. ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுப்போம்.) கொழும்பிலிருந்து லீவில் வந்தவர்கள் புதுச் சட்டையோடு மேட்டில் நின்றார்கள். பெரகலயிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்ணெடுத்து வந்த மாப்பிள்ளை, கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வராதவர் ஒரே ஒருவர்தான். என் அம்மா. "நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இருக்கவே கூடாத ஒருவன் மட்டும் வலைக்குப் பக்கத்தில், இடது மூலையில் நின்றுகொண்டிருந்தான்.

அது நான்.

சில வாரங்கள் இந்தப் பத்தி வராமல் போனபோது, எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்று விசாரித்த வாசகர்களுக்கு இன்றுதான் முழு விளக்கம். நான் எழுத்தை விடவில்லை. இடுப்புதான் என்னை விட்டது. இப்போதுகூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அலுமாரியின் மேல்தட்டில் போனை வைத்து, ஒரு விரலால்.

எப்படி ஆனது?

பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வலைக்கு மேலே எம்பி, ஒரு ஸ்மாஷ் அடித்து, விழுந்து ஆகியிருந்தால் அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் சோக்குப் பெட்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் நான் ஏதோ புதுப் பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலி இடுப்போடு நிற்கவில்லை. இடது காலில் கரண்ட் அடித்ததுபோல இறங்கிப் பெருவிரலில் போய் நின்றது. பிறகு அந்த விரலே மரத்துப் போனது.

எண்ணெய் தேய்த்தோம். ஒத்தடம் கொடுத்தோம். தோட்டத்தில் இடுப்பு வலியை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது. நடக்கும்போது கால் இழுபட ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பயந்தார்கள். பதுளை பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், காத்திருப்பு... டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துகிறது, ஒபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டொக்டர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். முதுகைத் திறந்த முதல் ஆளும் நானே.

வார்டில் கண் விழித்தபோது அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்:

"நாங்கதான் முதுக வச்சுப் பொழச்சோம். படிச்ச ஒனக்கும் அங்கதானா தம்பி வரணும்?"



வீட்டுக்குக் கூட்டிவந்தவன் லோகேஸ். ஹாலிஎலயில் ஆட்டோ ஓட்டுகிறான். நானும் அவனும் ஒரே லயம், சின்ன வயதில் ஒரே வகுப்பு, வளர்ந்த பிறகு ஒரே டீம். அவன் வலைக்கருகே நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பான். நான் எம்பி அடிப்பேன். வொலிபோல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... தூக்குபவனும் அடிப்பவனும் புருஷன் பெண்சாதி மாதிரி. பேசிக்கொள்ள வேண்டியதில்லை. பந்து எங்கே வரும் என்று தெரியும்.

அன்று ஆட்டோவின் பின் சீட்டில் மூன்று வீட்டுத் தலையணைகளை அடுக்கியிருந்தான். மெயின் ரோட் முடிந்து தோட்டத்து ரோட்டில் ஏறியதும் ஆட்டோ நடக்க ஆரம்பித்தது. உண்மையாகவே நடந்தது. ஒரு மாடு எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தது.

ஒபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகுதான் பிஸியோதெரபி மிஸ் வருகிறார்.

சிங்களப் பெண். என் வயதுதான் இருக்கும். நோயாளிகளிடம் பழகிப் பழகித் தமிழ் படித்திருந்தார். முதலில் நிற்க வேண்டும், பிறகு நடக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம், குதிப்பது கடைசி என்று வரிசையாகச் சொன்னார். தினமும் சமதரையில் நடக்கச் சொன்னார். உங்கள் வீட்டுப் பக்கத்தில் சமதரை இருக்கிறதா என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். சிரித்தால் தையல் இழுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்கள் மலையில் சமதரைக்கு எங்கே போவது? துரை பங்களாவின் புல்வெளி இருக்கிறது. ஃபெக்டரி முற்றம் இருக்கிறது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் இருக்கிறது. எல்லாம் கம்பெனியுடையது. எங்களுக்கென்று இருப்பது வொலிபோல் கிரவுண்ட் ஒன்றுதான். அதுவும் மலை சும்மா கொடுத்ததில்லை. எங்களுக்கு முந்தைய செட் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து சரிவை வெட்டி எடுத்தது. மீரியபெத்த மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போன பிறகு சரிவில் மண்வெட்டி வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே இன்னொரு கிரவுண்ட் வரப்போவதும் இல்லை.

என் வைத்தியம் அப்படித்தான் முடிவானது. டீம் உள்ளே விளையாடும். நான் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சுற்றிச் சுற்றி நடப்பேன்.

வீட்டுக்குள் செய்கிற பயிற்சி வேறு இருந்தது. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

லயத்தில் ஒருவனுக்கு நோய் வந்தால் அது அவனுடைய சொந்த விஷயம் இல்லை. நான் குனியக் கூடாது என்று டொக்டர் சொன்னதை அம்மா எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டார். என் கையிலிருந்து சோப்புக் கட்டி வழுக்கி விழுந்தால் மூன்று கதவு திறக்கும். பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் பெண்கள் நின்று, சார் ஏன் எழும்பி நிற்கிறீர்கள், படுங்கள் என்று அதட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் படுப்பது. மிஸ் சொன்ன வைத்தியம் அசைவது.

ஒருநாள் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் பாயை விரித்தேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாக மேலே தூக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். வலிக்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார்.

அடுத்து நடந்தது நொடியில் நடந்தது. அக்கா ஓடிவந்து என் கைக்குள் எதையோ திணித்து, விரல்களை இறுக்கி மூடினார். பார்த்தால், சாவிக்கொத்து.

"இறுக்கிப் புடிங்க சார். வலிப்பு இப்ப நின்னுரும்."

இது எக்ஸசைஸ் அக்கா என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. சாவியைத் திருப்பி வாங்கவும் இல்லை. அன்று அவர் வீட்டைத் திறக்க முடியாமல் என் வாசலிலேயே உட்கார்ந்து, என் வலிப்பு நிற்கும்வரை காவல் இருந்தார்.

அம்மாவுக்கும் இந்தப் பயிற்சியில் நம்பிக்கை வரவில்லை. பல நாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போவார். ஒரு நாள் மலையிலிருந்து வந்தவர் கொழுந்துப் பையைக் கழற்றி வைத்தார். முகம் கழுவினார். எனக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்தார். படுத்தார். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கினார்.

எங்கோ ஒரு எலும்பு சத்தம் போட்டது. அவருடையதா, என்னுடையதா தெரியவில்லை.

"இதுக்கா பதுளைக்குப் போயி நம்பர் எடுத்து உக்காந்துருந்தோம்?" என்றார். ஆனால் மறுநாளும் சாக்கை விரித்தார். அதற்கு மறுநாளும். இத்தனை வருடம் கொழுந்து சுமந்த அந்த முதுகை இதுவரை யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருப்போம். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கிரவுண்ட் நேரம்...

அது வேறு. பந்து கையில் படுகிற சத்தம் இருக்கிறதே – கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் கை என்று சொல்வேன். லோகேஸ் தொட்டால் சத்தமே வராது. விரல் நுனியில் வாங்கி விரல் நுனியில் விடுவான். அதற்குப் பிறகு ஒரு கணம் அமைதி இருக்கும். பந்து மேலே நிற்கிற கணம். அந்தக் கணத்தில்தான் நான் காற்றில் இருப்பேன். இருந்திருப்பேன். இப்போது கோட்டுக்கு வெளியே, செக்கு மாடு மாதிரி, பந்தைப் பார்க்காமல் கால் விரலைப் பார்த்து நடக்க வேண்டும்.

முதுகு குணமாக மாதக்கணக்கில் ஆகிறது. ஆசை மட்டும் வார்டிலிருந்து வரும்போதே குணமாகி வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஒரு கட்டு, ஒரு பெல்ட் கண்டுபிடிக்க மாட்டார்களா?

நடந்து நடந்து ஒன்றைக் கவனித்தேன். எங்கள் டீம் ஐந்து பேரோடுதான் விளையாடிக்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்து ஆட்டத்தில் இடம் மாறிச் சுற்றி வருவது கிடையாது. அவரவர் நின்ற இடத்தில் நின்று ஆடுவது. சேர்விஸ் மட்டும் முறை வைத்துப் போடுவோம். அப்பாக்கள் காலத்துப் பழக்கம். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதனால் யார் இல்லையென்றாலும் அவர் இடம் பளிச்சென்று தெரியும். வலைக்குப் பக்கத்தில் இடது மூலை காலியாக இருந்தது. எதிர் டீமெல்லாம் அந்த மூலையிலேயே பந்தைப் போட்டது. எங்கள் டீம் எல்லாரிடமும் தோற்றது.

ஆள் இல்லையா? இருந்தார். பெரகல மாப்பிள்ளை. கல்யாணம் முடித்து வந்த முதல் வாரமே காலில் சப்பாத்தோடு கிரவுண்டுக்கு வந்துவிட்டார். நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் வலைக்கு மேலே மணிக்கட்டு தெரியும். அப்படி ஒரு உயரம். வந்த மாப்பிள்ளைக்கு எங்கள் டீம் பிளேன்டீ கொடுத்தது, பிஸ்கட் கொடுத்தது, உட்காரப் பலகை கொடுத்தது. இடம் மட்டும் கொடுக்கவில்லை. பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டால் போய் எடுத்துக்கொண்டு வருவார், பாவம்.

ஒருநாள் நடையை நிறுத்தி லோகேஸிடம் கேட்டேன். அவரை அந்த மூலையில் போடேன், ஏன் ஊரெல்லாம் போய்த் தோற்கிறீர்கள் என்று.

"பஸ்ல லேஞ்சி போட்டு வச்ச சீட்டு இருக்கே. ஆள் வர லேட்டாகுதுன்னு அடுத்தவன உக்கார வப்பியா?" என்றான். (லேஞ்சி என்றால் கைக்குட்டை.)

"நான் எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும்?"

"லேஞ்சி கெடக்குல்ல. அது போதும்."

திரும்பி என் நடையை ஆரம்பித்தேன். அந்த மூலையில் வேறு ஒருவர் எம்பி அடிப்பதைக் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டு பார்க்க என்னால் முடிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தைய கிளினிக்கில் மிஸ் என் காலைத் தூக்கிப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. மெதுவாக ஓடலாம், பந்தைக் கையால் தொடலாம், கீழ்க்கையால் சேர்விஸ் போடலாம் என்றார். குதிக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். ஒரே ஒரு தடவை என்றேன். ஒரே ஒரு தடவையில்தான் நீங்கள் முதலில் இங்கே வந்தீர்கள் என்றார். அதுவும் சரிதான். சோக்குப் பெட்டிக்காக நான் இரண்டு தடவை குனியவில்லையே.

வீட்டுக்கு வந்து விளையாடப் போகிறேன் என்றதும் அம்மா என் சப்பாத்தை எடுத்து ஒளித்துவிட்டார். லோகேஸ்தான் வந்து சமாதானம் பேசினான்.

"அத்தை, சும்மா மூலையில நிக்கட்டும். கீழ வர்ற பந்த எடுக்கட்டும். நான் அவனுக்குத் தூக்கவே மாட்டேன். அவன் எப்பிடிக் குதிப்பான்?"

"சத்தியமா?"

"ஆட்டோ மேல சத்தியம் அத்தை. இன்னும் லீசிங் முடியல."

சப்பாத்து அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது.

தீபாவளி ஆட்டத்துக்குக் கப் கிடையாது, மாலை கிடையாது. ஒரே ஒரு சட்டம். தோற்கிற கணக்கு ஆடு வாங்கி, கிரவுண்டிலேயே சமைத்து, ஜெயித்த கணக்குக்குத் தன் கையால் பரிமாற வேண்டும். ஆட்டுக்கு ஆகிற காசுகூடப் பரவாயில்லை, அந்தப் பரிமாறுகிறது இருக்கிறதே – அடுத்த தீபாவளிவரை சொல்லிக்காட்டுவார்கள்.

முதல் செட் அவர்களுக்குப் போனது. இரண்டாவது எங்களுக்கு வந்தது. அதில் என் சேர்விஸுக்கும் பங்குண்டு. கீழ்க்கையால் போடுகிற பந்து சோம்பேறித்தனமாக மேலே போய், பனிக்குள் காணாமல் போய், எதிர்பார்க்காத இடத்தில் இறங்கியது. மேட்டில் நின்றவர்கள் சார், சார் என்று கத்தினார்கள். என் கால் கோட்டுக்கு உள்ளே இருந்தது. மரத்துப் போயிருந்த அந்தப் பெருவிரல் சப்பாத்துக்குள் ஈரமண்ணை அழுத்தியது. அது எனக்குத் தெரிந்தது. வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்ததே.

கடைசி செட். சமமாக ஏறிவந்து, அவர்கள் ஒரு பொயின்ட் முன்னால். அடுத்ததையும் எடுத்துவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. அவர்கள் அடித்த பந்தை எங்கள் பின்வரிசை எப்படியோ காப்பாற்றி மேலே விட்டது. லோகேஸ் அதன் அடியில் போய் நின்றான். வலது பக்கம் ஒருவன் கை தூக்கி நிற்கிறான். அவனுக்குத்தான் போக வேண்டும்.

சத்தம் வரவில்லை. விரல் நுனியில் வாங்கி, விரல் நுனியில் விட்டான்.

பந்து இடது மூலைக்கு வந்தது.

என் உயரத்துக்கு, என் கைக்கு, பழைய இடத்துக்கு. இத்தனை மாதம் தூக்கத்தில் வந்த அதே பந்து. என் முழங்கால் தானாக மடங்கியது. இடது கால் முன்னால் போய்விட்டது. கை பின்னால் போய்விட்டது. உடம்பில் மிச்சமிருந்தது தரையை விடுவது மட்டும்தான்.

பந்து மேலே நின்றது. நான் கீழே நின்றேன்.

குதிக்கவில்லை.

அது இறங்கி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்ததும் இரண்டு கையாலும் தள்ளினேன். வலையில் பட்டு, எங்கள் பக்கமே விழுந்து, தேயிலைப் பக்கமாக மெதுவாக உருண்டது. விசில் அடித்தது. கீழ்க்கணக்கு ஆட ஆரம்பித்துவிட்டது.

லோகேஸ் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிட்டே போனேன்.

"தூக்கக் கூடாதுன்னுதான்டா இருந்தேன்" என்றான். "கைக்கு அது தெரியல."

எனக்குக் கோபம் வர வேண்டுமா? வரவில்லை. இந்த உலகத்தில் எனக்கென்று ஒருவன் தூக்கிக் கொடுத்த பந்து அது. அதை அடிக்காமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முதுகு வலிக்கவில்லை. வேறு எங்கோதான் வலித்தது.

அம்மா வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நடந்து வருகிற நடையைப் பார்த்தார்.

"குதிச்சியா?"

"இல்ல."

"தோத்தாச்சா?"

"தோத்தாச்சு."

அம்மா சிரித்தார். தீபாவளி அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. மேக்கணக்கில் ஆட்டுக்கு வீட்டுப் பங்கை முதலாவதாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். தோற்றதற்கு இத்தனை சந்தோஷமாக யாரும் காசு கொடுத்ததில்லை என்று கீழ்க்கணக்கு இன்னும் பேசிக்கொள்கிறது.

மறுநாள் கிரவுண்டில் அடுப்பு எரிந்தது. கறி வேகும்வரை சும்மா இருப்பானேன் என்று பையன்கள் வலையைக் கட்டினார்கள். பெரகல மாப்பிள்ளை வழக்கம்போல வெளியே நின்றார்.

"ஒங்க எடத்த வெளியில நின்னு பாத்துக்கிட்டதுக்கு என்னையும் ஆட்டுக்குப் பங்கு போடச் சொல்றாங்க சார்" என்றார் என்னிடம். குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது.

அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த மூலையில் நிறுத்தினேன். லோகேஸ் என்னைப் பார்த்தான். மிஸ் குதிக்க விடுகிறவரைக்கும்தான் என்று சொன்னேன். எப்போது விடுவார் என்று அவன் கேட்கவில்லை. விடுவாரா என்றும் கேட்கவில்லை. பந்தைத் தூக்கினான்.

மாப்பிள்ளை எம்பினார். அப்படி ஒரு அடி. சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு கோட்டுக்கு வெளியே போய் என் நடையை ஆரம்பித்தேன். கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.

அந்த மூலையை எனக்காகக் காலியாக வைத்திருந்ததில் மேக்கணக்குக்கு ஆன மொத்தச் செலவு – ஆடு ஒன்று, முப்பத்தெட்டாயிரம் ரூபா. கறித்தூளும் தேங்காயும் தனி.